இனங்கண்டவர்: டபிள்யூ. எச்.

சச்சிதானந்தன் மெல்பேணில் இரண்டரை வருடம் எலும்பு பொறுக்கினார் என்று சொன்னால் கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அது சாதாரண எலும்பு அல்ல. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால், குவாத்தமாலாக் காட்டுக்குள் இருந்த ஒரு மாயா ஊரில் யாரோ வெட்டி எறிந்த மான் எலும்பு. பதினொரு மரப்பெட்டி நிறையக் கப்பலில் வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் கிடந்தது. அதைப் பார்த்து அது என்னவென்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதைப் பற்றி வெளிவந்த ஆராய்ச்சியை எடுத்துப் பார்த்தால் அவருடைய பெயர் மருந்துக்கும் இருக்காது. பழி முழுவதையும் மற்றவர்கள்மேல் போட்டுவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பாதிப் பழி அவருடையதுதான்.

இலங்கையில் அவர் அரசாங்க மிருக வைத்தியர். பேராதனையில் பட்டம் எடுத்தவர். குருநாகலிலும் வவுனியாவிலும் பதினாறு வருடம் சேவை. சிங்களச் சோதினை பாஸ் பண்ணாதபடியால் பதவி உயர்வு இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. மூன்றாவதுக்குக் காத்திராமல் 1974இல் மனைவி திலகத்தைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். இங்கே மெல்பேணில் வந்து இறங்கினால் உன் பட்டம் செல்லாது, முதலாம் வருடத்திலிருந்து திரும்பப் படி என்றார்கள். நாற்பத்து நாலு வயது மனிதன், வாடகை வீடு, எங்கே போய்ப் படிக்கிறது? நோபல் பார்க்கில் இரண்டு அறை வீடு ஒன்று எடுத்துக்கொண்டு, டண்டினோங் பக்கம் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய் பிடித்து இரத்தம் கழுவுகிற வேலைக்குப் போனார்.

குருநாகலில் ஊதா மைமுத்திரை அவர் கையில் இருந்தது. அவர் குத்தினால்தான் இறைச்சி கடைக்குப் போகும். இங்கே இருபத்திரண்டு வயது இளந்தாரி ஒருவன் முத்திரை குத்த, இவர் அவன் சப்பாத்தடியைக் கழுவிக்கொண்டு நின்றார். பூச்சி விழுந்த ஈரலை அவன் கவனியாமல் விட்டதை இரண்டு தரம் கண்டார். முதல் தரம் சொன்னார். "நீ குழாயைப் பிடி" என்றான் அவன். இரண்டாம் தரம் அவர் சொல்லவில்லை.

டொக்டர் வோல்டர் ஹைன்ஸ் அங்கே வந்து சேர்ந்தது 1975 ஏப்ரலில். அந்த மான் எலும்புகள் கிடந்த பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறவர். பழைய எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்கப் புதிதாக வெட்டிய ஆட்டுக் கால்கள் ஒரு சாக்கு வேண்டும் என்று மனேஜரிடம் கேட்டார். சாக்கைத் தூக்கச் சச்சிதானந்தனைக் கூப்பிட்டார்கள். காரடியில் வைத்து ஹைன்ஸ் தன் பையிலிருந்து ஒரு பழைய எலும்புத் துண்டை எடுத்து, இது மானின் முன்னங்கால், ஆட்டிலும் இதே எலும்புதான் வேண்டும் என்று காட்டினார். சச்சிதானந்தன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"இது பின்னங்கால், சேர். வெட்டு முகம் சதுரமாக இருக்கிறது பாருங்கள். முன்னங்கால் என்றால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்."

ஹைன்ஸின் முகம் சிவந்தது. பிறகு சிரித்தார். இரண்டு கிழமையில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது: தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். திலகம் பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து அதை வாசித்தாள்; வாசித்துவிட்டு அவர் வேலைக்குப் போட்டுப்போன உடுப்பெல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டாள். "அந்த இரத்த வாடை இனி வீட்டுக்குள்ள வராது. எனக்கு அது காணும்," என்றாள்.

நிலவறை வேலை சச்சிதானந்தனுக்குப் பிடித்திருந்தது. எலும்பைப் பல் தேய்க்கிற பிரஷால் கழுவி, பத்திரிகைத் தாளில் காயவைப்பார். ஓர் ஓரத்தில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் மெல்லிய நிப்பால் இலக்கம் எழுதி, மேலே இன்னொரு பூச்சுப் பூசுவார். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. இலக்கம், என்ன மிருகம், எந்த எலும்பு, வலதா இடதா, என்ன காயம். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: இனங்கண்டவர்.

அந்தக் கட்டத்தில் முதல் நாளே அவர் ஹைன்ஸின் முதலெழுத்துகளை, டபிள்யூ. எச். என்று எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. துப்பாக்கி நீட்டவில்லை. தானாகவே எழுதினார். குருநாகலில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பண்ணையில் மாடுகள் செத்ததைப் பற்றி நல்லதோர் அறிக்கை எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். மேலதிகாரி கூப்பிட்டு நிற்கவைத்து, "இந்தக் கந்தோருக்குத் தலைவர் நானோ நீரோ?" என்று கேட்டு, பிரதியைக் கிழித்து மேசையில் போட்டார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் எழுதுவது இவர், பெயர் பெரியவருடையது. அதில் களவும் இல்லை, வெட்கமும் இல்லை, கந்தோர் நடக்கிற முறையே அதுதான். எழுதியவர் யாரென்று கந்தோரில் பியோன் வரைக்கும் தெரியும். பதவி உயர்வு வருகிற நேரம் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லுவார். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் கிழமை ஹைன்ஸ் வந்து இழுப்பறையைத் திறந்தார். இருபது முப்பது அட்டைகளைப் புரட்டினார். "அழகான எழுத்து," என்றார். அந்தக் கடைசிக் கட்டம் அவர் கண்ணில் படவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டது. பேசாமல் இழுப்பறையை மூடிவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை கொஞ்ச அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். திலகம் தேத்தண்ணி வைக்க வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"ஆரப்பா இந்த டபிள்யூ. எச்.?"

"டொக்டர் ஹைன்ஸ்."

"அவரோ இதெல்லாம் பாத்தவர்?"

"அவருக்கு எங்க நேரம்? நான்தான் பாத்தது."

"அப்ப ஏன் அவற்ற பேர்?"

"அது மரியாதை, திலகம். அவர்தானே பெரியவர். நேரம் வரேக்க அவர் சொல்லுவார்."

"குருநாகலிலையும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்," என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த அட்டையிலும் டபிள்யூ. எச். என்றுதான் எழுதினார்.

அந்த எலும்பெல்லாம் விருந்துக் குப்பை என்பது ஹைன்ஸின் முடிவு. ஊர்ப் பிரபுக்கள் மான் அடித்துச் சாப்பிட்டு எறிந்தது என்று ஏற்கெனவே ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். சச்சிதானந்தன் மூன்று மாதம் கழுவி அடுக்கியபோது ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. வந்த துண்டுகளில் முக்கால்வாசி, குளம்புக்கு மேலே உள்ள நீண்ட எலும்பினுடையவை. அந்த எலும்பில் இறைச்சியே கிடையாது. தோலும் நரம்பும்தான். விருந்துக்கு வந்த பிரபுவுக்கு இதையா பரிமாறியிருப்பார்கள்? அதோடு, உள்ளே இருக்கிற மச்சைக் கொழுப்பை எடுக்க அடித்து உடைத்த எலும்பு சாய்வாகச் சிதறும். இவை அப்படிச் சிதறவில்லை. கல் அலகால் சுற்றிவர ஒரு கீறல் போட்டு, அதிலே வைத்து முறித்திருந்தது.

ஒரு நாள் நீள மேசையைத் துப்புரவாக்கி, மேல் முனைகளை ஒரு பக்கமும் கீழ் முனைகளை மறு பக்கமுமாக அடுக்கினார். நடுவில் மேசை வெறுமையாகக் கிடந்தது. இரண்டு முனையும் இருக்கிறது, நடுத்தண்டை யார் கொண்டுபோனது? பதில் ஒன்பதாம் பெட்டியில் இருந்தது. உடைந்த ஊசிகள், கொண்டை ஊசிகள், பாதி தீட்டிய எலும்புச் சிம்புகள், நூல் கோக்கிற காதைத் துளைக்கும்போது பிளந்துபோன ஓர் ஊசி. அங்கே சமையலும் நடக்கவில்லை, விருந்தும் நடக்கவில்லை. அது எலும்பில் சாமான் செய்கிற பட்டறை. முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, இயல்பாகவே நேர்ப்பள்ளம் ஓடுகிற நடுத்தண்டை அந்தப் பள்ளத்தோடு பிளந்து, கல்லில் உரைத்து ஊசியாக்கியிருக்கிறார்கள். இரும்பு காணாத சனம் செய்த வேலை.

அந்தக் குவியலுக்குள் ஓர் ஆளையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. சுற்றிவரக் கீறும்போது அந்த ஆள் தொடங்கிய இடத்துக்குச் சரியாக வந்து சேரமாட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு நெல்லளவு கீழே இறங்கிவிடுவார். பிறகு அதைச் சமாளிக்க இன்னொரு சின்னக் கீறல். இருநூற்றுப் பன்னிரண்டு துண்டில் அதே பிழை, அதே சமாளிப்பு. ஆணோ பெண்ணோ தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் கையைத் தெரியும். சச்சிதானந்தனுக்கு அந்த ஆள்மேல் ஒரு வாரப்பாடு, ஒரு பாசம் வந்துவிட்டது. நோபல் பார்க் ரயிலில் போகும்போதுகூட அந்த ஆளைத்தான் நினைத்துக்கொண்டு போவார்.

ஹைன்ஸைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினார். ஹைன்ஸ் ஒரு முக்காலியில் இருந்து முனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள்," என்றார் கடைசியில். பதினாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். கீழே பெயர் போடவில்லை. பழக்கம். அடுத்த வருடம் சிட்னியில் நடந்த மாநாட்டில் ஹைன்ஸ் அதை வாசித்தார், பன்னிரண்டு பக்கம் வரிக்கு வரி. எழும்பி நின்று கை தட்டினார்களாம். திரும்பி வரும்போது சச்சிதானந்தனுக்கு ஒரு பெட்டி சொக்கிலேற் வாங்கிவந்தார். திலகம் அதைத் திறந்தும் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

1977 செப்ரெம்பரில் ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. பட்டறையைக் கண்டுபிடித்த புகழில் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பகுதிக்கு நிரந்தரப் பதவி ஒன்று கிடைத்தது. மிருக எலும்பு ஆராய்ச்சியாளர். எந்த நாட்டுப் பட்டமானாலும் சரி, தானாக ஓர் ஆராய்ச்சி செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். விளம்பரத்தைச் சச்சிதானந்தன் மூன்று தரம் வாசித்தார். பட்டம் செல்லாது என்று சொல்லாத ஒரே கதவு அது. அவருடைய தற்காலிக வேலை டிசம்பரோடு முடிகிறது. இது கிடைத்தால் திரும்பவும் ஓர் உத்தியோகத்தர். கிடைக்காவிட்டால் குழாய்தான். வேறு ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், திலகத்துக்கும் தெரியும்.

ஹைன்ஸிடம் போய்ச் சிபார்சுக் கடிதம் கேட்டார். "அதற்கென்ன, நிச்சயமாக எழுதுகிறேன்," என்று தோளில் தட்டிவிட்டு, ஒரு வருட லீவில் அமெரிக்காவுக்குப் போய்விட்டார் ஹைன்ஸ்.

நேர்முகம் நவம்பரில். திலகம் கோட்டை இரண்டு தரம் அழுத்திக் கொடுத்தாள். "நான் செய்தது எண்டு சொல்லுங்கோ. வெக்கப்படாதேங்கோ," என்று வாசல் வரை வந்து சொன்னாள். அங்கே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட தலைவர். ஒரு பக்கம் நூதனசாலையிலிருந்து வந்த ஒரு பெண். மற்றவர் வாயே திறக்கவில்லை. தலைவர் முதலில் ஹைன்ஸின் கடிதத்தை வாசித்தார்.

"கடும் உழைப்பாளி. நம்பத்தக்கவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். இவருடையதைப் போல அழகான எழுத்தை நான் கண்டதில்லை."

அவ்வளவுதான் கடிதம். நாலே நாலு வசனம்.

"நீங்கள் தனியாகச் செய்த ஆராய்ச்சி எது?" என்று தலைவர் கேட்டார்.

"மாயா எலும்புப் பட்டறை, சேர். அதைக் கண்டுபிடித்தது நான்."

தலைவர் பக்கத்தில் இருந்த இழுப்பறையைத் தன் பக்கம் இழுத்தார். நிலவறையிலிருந்து முன்கூட்டியே எடுப்பித்து வைத்திருந்தார்கள். ஓர் அட்டையை எடுத்தார். "இனங்கண்டவர், டபிள்யூ. எச்." இன்னொன்றை எடுத்தார். "டபிள்யூ. எச்." நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் அதே இரண்டு எழுத்து, அதே அழகான எழுத்து.

"எழுதியது நான்தான், சேர். எலும்பைப் பார்த்ததும் நான்தான்."

அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லைப் போலிருக்கிறது. இழுப்பறையோடு ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்திருந்த எலும்புகளில் ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். சச்சிதானந்தன் அதை இலக்கத்தைப் பார்க்காமல் விரலால் உருட்டிப் பார்த்தார்.

"பின்னங்கால், வலது. மூட்டு முனை இன்னும் ஒட்டவில்லை, இரண்டு வயது நிரம்பாத மான். கீறல் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை, பாருங்கள். கீழே இறங்கியிருக்கிறது. இதே ஆள் வெட்டியது இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது."

அந்தப் பெண் நிமிர்ந்து இருந்தாள். தலைவர் தலையை ஆட்டினார். "ஹைன்ஸ் உங்களை நன்றாகப் பழக்கியிருக்கிறார்," என்றார்.

சச்சிதானந்தனுக்குக் காது இரண்டும் சுட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே, "என்னை ஒருவரும் பழக்கவில்லை. ஹைன்ஸுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தெரியாது. இனங்கண்டது நான்," என்றார்.

"அப்படியானால் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு அட்டையில் நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்களா?"

"பொய் இல்லை, சேர். எங்கள் நாட்டுக் கந்தோர்களில் அது ஒரு முறை..."

"நான் இந்த அட்டைகளைப் பற்றிக் கேட்கிறேன். ஒன்று, இவற்றைப் பார்த்தவர் ஹைன்ஸ். அல்லது, இந்த அட்டைகளை நம்ப முடியாது. நம்ப முடியாதென்றால் பட்டறை என்று சொல்வதையும் நாங்கள் தள்ளிவைக்க வேண்டிவரும். இரண்டில் எது?"

தலைவர் கோபமாகக் கேட்கவில்லை. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, பதிலை எழுதுவதற்காகத்தான் கேட்டார். சச்சிதானந்தன் இழுப்பறையைப் பார்த்தார். இரண்டரை வருடம் அதற்குள் இருந்தது. அட்டைகள் பொய் என்றால் பதினொரு பெட்டியும் திரும்ப விருந்துக் குப்பையாகிவிடும். நெல்லளவு பிழை விட்டுச் சமாளித்த அந்த ஆளும் அதற்குள்ளே போய்விடுவார். இவருடைய வாயால் அதைச் செய்ய வேண்டும்.

"அட்டைகள் சரியானவை, சேர்," என்றார். "டொக்டர் ஹைன்ஸின் மேற்பார்வையில் செய்தது."

தலைவர் எழுதிக்கொண்டார். அந்தப் பெண் எலும்பைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தாள். பொய்க்காரன் என்று சொன்னால் சொல்லிக்கொள் என்று அந்த இடத்தில் நின்றிருக்கலாம். கத்தியிருக்கலாம். இழுப்பறையைக் கவிழ்த்திருக்கலாம். இந்த மனிதனுக்கு அதெல்லாம் வராது. கதிரையை ஓசைப்படாமல் தள்ளிவைத்து, மூன்று பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு அன்றைக்கு நன்றி ஒரு கேடு.

வேலை ஹைன்ஸின் பழைய மாணவன் ஒருவனுக்குப் போனது. நல்ல பிள்ளைதான், அவனைக் குறை சொல்வதற்கில்லை. டிசம்பர் கடைசியில் மூன்று நாள் அவனுக்கு இழுப்பறைகளைக் காட்டிக்கொடுக்கும்படி சச்சிதானந்தனைக் கேட்டார்கள். முன்னங்காலையும் பின்னங்காலையும் எப்படிப் பிரிப்பது என்று அவன் கேட்டான். வெட்டு முகத்தைக் காட்டினார். காட்டாமல் விட்டிருந்தால் யார் இவரைக் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் காட்டினார். அவனுக்கு விளங்கும்வரை மூன்று எலும்பை எடுத்து மூன்று தரம் காட்டினார்.

 ஜனவரியில் ஒரு பின்னேரம் திலகம், வேலையால் வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குசினி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"எனக்கு அவங்களில கோவம் இல்லை. உங்களிலதான். இரண்டரை வருசம் உங்கட அறிவைச் சோறு மாதிரிப் பிசைஞ்சு இன்னொருத்தனுக்கு ஊட்டிவிட்டனீங்கள். மரியாதை எண்டனீங்கள். அவன் உங்களுக்கு என்ன மரியாதை தந்தவன்? ஒரு பெட்டி சொக்கிலேற்."

  சச்சிதானந்தனுக்கு முன்னால் மேசையில் இறைச்சித் தொழிற்சாலையின் விண்ணப்பப் பத்திரம் விரித்தபடி இருந்தது. அதே தொழிற்சாலை, அதே குழாய். முன் அனுபவம் என்ற இடத்தில் ஒரு வருடம் கழுவியதை எழுதியிருந்தார். இலங்கையையும் எழுதவில்லை, நிலவறையையும் எழுதவில்லை. மேலே பெயருக்கான கட்டம் மட்டும் இன்னும் வெறுமையாக இருந்தது. அவர் நிப்பைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

திலகம் கிட்ட வந்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதில உங்கட பேரை எழுதுங்கோ, அப்பா," என்றாள். "இதைத் தன்ர எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தரும் வரமாட்டினம்."

கந்தையா சச்சிதானந்தன் என்று முழுதாக எழுதினார். எழுத்து அழகாகத்தான் இருந்தது.